அம்மாவின் மூன்று சவரன் சங்கிலி

சின்னவன் கல்யாணத்துக்கு நேரில் வந்தவர்களுக்கும், வர முடியாமல் போனில் வாழ்த்தியவர்களுக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல முடியவில்லை. கோபிக்க வேண்டாம். மண்டபத்தில் பாதிப் பேர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "டீச்சர், மருமகளுக்கு என்ன போட்டீங்க? எந்தக் கடை?" அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். அதற்கான பதில்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் வரும். வகுப்பில் நாற்பது நிமிடம் உங்களை உட்கார வைத்தவள் நான், இதற்கும் கொஞ்சம் உட்காருங்கள்.

முதலில் சங்கிலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1976-ல் எங்கள் அம்மா செய்துகொண்ட சங்கிலி அது. சவரன் ஐந்நூறு ரூபாய்கூட ஆகாத காலம். இன்று கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அந்த ஐந்நூறைச் சேர்க்க அம்மா இரண்டு எருமையின் பாலை எத்தனை நாள் ஊற்றினாள் என்று எனக்குத் தெரியும். பொழுது விடிவதற்குள் பால் சொம்போடு வீடு வீடாகப் போவாள். அந்தக் காசோடு, எங்கள் ஆயாவின் பழைய வளையல் இரண்டு, ஒடிந்துபோன கம்மல் ஒன்று எல்லாம் சேர்த்து நம்மூர்ப் பத்தரிடம் கொடுத்தாள். (நம்மூர் என்றால் பட்டுச்சேலை ஆரணி இல்லை, பெரியபாளையத்துக்குப் பக்கத்து ஆரணி. வெளியூர் உறவினர்களுக்காகச் சொல்கிறேன். இந்தக் குழப்பம் பின்னாலும் வரும்.) பத்தர் அவர் வீட்டுத் திண்ணையில் உமி அடுப்பை வைத்துக்கொண்டு ஊதுகுழலால் ஊதி ஊதிச் செய்தார். அம்மா தினமும் போய் எதிரில் உட்கார்ந்துகொள்வாள். நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆசை.

அந்தச் சங்கிலியை அம்மா முழுசாக இரண்டு வருடம் போடவில்லை. 1978-ல் எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. கட்டணம், விடுதி, தகரப் பெட்டி, இரண்டு பாவாடை தாவணி. சங்கிலி பொன்னேரியில் வட்டிக் கடைக்குப் போனது. பயிற்சி முடிந்ததும் வேலை வந்துவிடும் என்று நினைத்தோம். வரவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலமெல்லாம் அம்மா பால் காசில் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே இருந்தாள். 1984-ல் வேலை கிடைத்து, முதல் மூன்று மாதச் சம்பளத்தில் நான் செய்த ஒரே காரியம் அந்தச் சங்கிலியை மீட்டதுதான். அம்மா அதை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. என் கழுத்தில் போட்டாள். பிறகும் வீட்டுக்கு ஓடு மாற்ற, பெரியவன் படிப்புக்கு, வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்று ஐந்து தடவை அடகுக்குப் போய் ஐந்து தடவையும் வீடு திரும்பிய சங்கிலி. உங்களில் பலர் என் கழுத்தில் பார்த்திருப்பீர்கள். கணக்குப் பாடம் நடத்தும்போது அதைத் திருகிக்கொண்டே இருப்பேன் என்று ஒருத்தி ஆண்டுவிழாவில் நடித்தே காட்டினாள்.

சின்னவனுக்குப் பெண் நிச்சயமானதும், இதை மாற்றி மருமகளுக்கு ஒரு புது நகை வாங்குவது என்று முடிவு செய்தேன். போன வருடம் மே மாதம். சவரன் எழுபதாயிரத்தைத் தாண்டியிருந்த நேரம். பென்ஷன்காரி கையில் வேறு என்ன இருக்கிறது?

மருமகள் (அப்போது வரப்போகிறவள்) தயங்கித் தயங்கி போனில் ஒரு படத்தைக் காட்டினாள். "அத்தை, கனமா வேணாம். ஆபீஸுக்குப் போட்டுட்டுப் போற மாதிரி இருந்தா போதும்." மெல்லிய வைர நெக்லஸ். பெரிய கம்பெனி, பெயர் சொன்னால் எல்லோருக்கும் தெரியும், அதனால் சொல்லப்போவதில்லை. விலை 1,28,000 ரூபாய். கீழே "18 காரட்" என்று போட்டிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டா! நம் வீடுகளில் இருபத்திரண்டுக்குக் கீழே இருந்தால் அதைத் தங்கம் என்றே சொல்ல மாட்டோமே. சின்னவன்தான் விளக்கினான்: வைரத்தைப் பிடித்துக்கொள்ளத் தங்கம் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும், இருபத்திரண்டு காரட் மென்மை, கல் கழன்றுவிடும் என்று.

இந்தப் பதினெட்டு காரட் சங்கதியில் ஒரு வேடிக்கை உண்டு. டைட்டன் கம்பெனி டாடாவும் நம் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது. ஓசூரில் கடிகாரம் செய்தவர்கள் நகைக்கும் வந்தார்கள். 1996-ல் சென்னை கதீட்ரல் சாலையில் தனிஷ்க்கின் முதல் கடை திறந்தபோது அவர்கள் நம்பி இறங்கியது பதினெட்டு காரட்டை. நம் பெண்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம்தான் இருபத்திரண்டுக்கு வந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் கடைகளில் காரட் மீட்டர் என்று ஒரு கருவியை வைத்து, "உங்கள் பழைய நகையைக் கொண்டுவாருங்கள், எத்தனை காரட் என்று நீங்களே பாருங்கள்" என்றார்கள். நாடு முழுவதும் எத்தனையோ பேர் இருபத்திரண்டு என்று நம்பி வாங்கிய நகை அதற்குக் கீழே என்று அந்தக் கருவி காட்டியது. எத்தனை வீட்டில் அன்று இரவு சோறு இறங்கியிருக்காது! அதன் பிறகு எல்லாப் பெரிய கடைகளிலும் அந்த மெஷின் வந்துவிட்டது.

ஆன்லைன் நகையும் நம் சென்னையில் பிறந்ததுதான். அமெரிக்காவில் புளூ நைல் என்ற கம்பெனி 1999-லேயே இணையத்தில் வைரம் விற்கத் தொடங்கிவிட்டது. இங்கே 2008-ல் சென்னையில் கேரட்லேன் தொடங்கினார்கள். தொட்டுப் பார்க்காமல் எவள் நகை வாங்குவாள் என்று அப்போது நானே ஆசிரியர் அறையில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. இணையத்தில் மட்டும் விற்றவர்கள் பிறகு தெருவில் கடையும் போட்டார்கள்; கடை வைத்திருந்தவர்கள் இணையத்துக்குப் போனார்கள். 2016-ல் கேரட்லேனின் பெரும்பங்கை டைட்டனே வாங்கிவிட்டது. நான் போன கடை இந்த இரண்டும் அல்ல என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். வீண் பழி வேண்டாம்.

"ஆன்லைன், கடை எல்லாம் இப்ப ஒண்ணுதாம்மா. நேர்ல போய்ப் பாரு, பிடிச்சா எடு" என்றான் சின்னவன். அவன் பெங்களூரில். நான் தனியாகக் கிளம்பினேன். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல், பார்க் ஸ்டேஷனில் மாறி மாம்பலம். வெயிலில் நடந்து தி.நகர் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினோரு மணி. வாசலில் சல்யூட், குளிர்காற்று, தட்டில் ரோஸ் மில்க். இதுவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை.

வைரப் பகுதி இரண்டாவது மாடி. என் நூல் புடவையையும் கையில் இருந்த துணிப்பையையும் பார்த்த ஒரு தம்பி, கோட்டு போட்டவர், "கிஃப்ட்டுக்குப் பாக்கறீங்களாம்மா? வெள்ளி கீழ் தளத்துல இருக்கு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் வலித்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். வைரம்தான் பார்க்க வந்தேன் என்றதும் முதலில் போன் நம்பர் கேட்டார். நகையைக் காட்டுவதற்கு முன்னால் நம்பர் எதற்கு? "சிஸ்டத்துல என்ட்ரி பண்ணணும்மா." கொடுத்தேன். படத்தைக் காட்டினேன். "இது ஆன்லைன் டிசைன். கடையில வராது." உங்கள் கம்பெனிதானே? "ஆமாம்மா, அது வேற டீம்." வரவழைக்க முடியுமா? "ஆன்லைன்ல ஆர்டர் போடுங்கம்மா." அதற்கா நான் மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்தேன்? அதற்குள் பக்கத்து மேசைக்கு ஒரு குடும்பம் வந்தது. அந்தத் தம்பியின் முகமே மாறிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் வகுப்பில் நுழைந்ததும் முதல் பெஞ்சைத்தான் முதலில் பார்த்திருக்கிறேன்.

சரி, வந்ததற்குச் சங்கிலியையாவது மதிப்புப் பார்த்துக்கொண்டு போகலாம் என்று பழைய நகை பிரிவுக்குப் போனேன். முதலில் தராசு. சரியாக 24 கிராம். நாற்பத்தொன்பது வருடத் தேய்மானத்துக்குப் பிறகும் 24 என்றால், பத்தர் மூன்று சவரனுக்கு மேலேயே கொஞ்சம் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு அப்படி ஒரு பெருமை. அடுத்தது மெஷின். மூடியைத் திறந்து, சங்கிலியைச் சுருட்டி வைத்து, மூடினார்கள். திரையில் எண் ஓடி நின்றது. 84.6.

புரியாதவர்களுக்கு: இருபத்திரண்டு காரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு சுத்தத் தங்கம். அதைத்தான் 916 என்கிறார்கள். 84.6 என்றால் இருபது காரட்டும் கொஞ்சமும். "பழைய கை வேலை இப்படித்தாம்மா இருக்கும்" என்றார் மேசையில் இருந்தவர். "எங்க கடை நகைன்னா முழு மதிப்பு. இதுக்கு டச்சு கழிச்சு, உருக்குச் சேதம் ரெண்டு சதவீதம் போயிடும்." மனக்கணக்குப் போட்டேன். 24 கிராமுக்கு ஏறக்குறைய 21.7 கிராம்தான் கணக்கில் வரும். கிராம் 9,000 என்றால் 20,000 ரூபாய்க்கு மேல் போச்சு.

பணம் போனதுகூடப் பெரிதில்லை பிள்ளைகளே. எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கண் முன்னாலேயே அந்த மனிதர் எடுத்திருக்கிறாரே என்ற நினைப்பு வந்துவிட்டது. பத்தர் போய் இருபது வருடம் ஆகிறது. அம்மா போயும் பதினைந்து வருடம் ஆகிறது. இரண்டு பேரும் இல்லாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் ஒருவரைத் திருடன் என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பால் சொம்போடு போன அம்மாதான் கண்ணில் நின்றாள்.

அப்போது யூனிபாரப் புடவையில் ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குனிந்து மெதுவாக, "டீச்சர், என்னைத் தெரியலையா?" என்றாள். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்பவள். யாரென்று இங்கே சொல்ல மாட்டேன். படித்தால் உனக்கே தெரியும். இவ்வளவு நேரமும் சுவரோரமாக நின்றவர்களில் அவளும் ஒருத்தி. உட்கார மாட்டாயா என்றேன். சிரித்தாள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் நம் அரசு சட்டமே திருத்தியிருக்கிறது. "ஸ்டூல் இருக்கு டீச்சர். கஸ்டமர் இருக்கறப்ப உக்கார மாட்டோம்." கஸ்டமர் எப்போது இல்லாமல் இருக்கிறார்கள்?

டம்ளரை எடுக்கிற சாக்கில் அவள் சொன்னாள்: "டீச்சர், அவசரப்பட்டு குடுத்துடாதீங்க. மெஷின் மேலாப்புலதான் பாக்கும். சுருட்டி வெச்சா பத்து வெச்ச இடமெல்லாம் சேர்ந்து மாட்டும். குறைச்சுத்தான் காட்டும்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். என் சங்கிலியை வாங்கிக்கொண்டு எழுந்தேன். வாசலில் மறுபடியும் சல்யூட்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பத்தர் மகன் வீட்டுக்குப் போனேன். அவனும் என் மாணவன்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அப்பாவின் பட்டறையில் பத்து வருடம் உட்கார்ந்தவன். பெரிய கடைகள் வந்தபிறகு யாரும் பத்தரிடம் புது நகை செய்யக் கொடுப்பதில்லை. காது குத்துவதும், அறுந்த கொலுசைப் பற்றவைப்பதும் சோறு போடுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பழைய சாமானை எடுத்து வைத்துக்கொண்டு சில்லறை வேலை பார்க்கிறான்.

எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. உன் அப்பா என் அம்மாவை ஏமாற்றினாரா என்று கேட்க முடியுமா? "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்று மட்டும் கொடுத்தேன். உரைகல்லை எடுத்தான். அப்பாவுடையது. ஒரு கண்ணியைத் தேய்த்தான், பார்த்தான், இன்னொரு இடத்தில் தேய்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "கடையில மெஷின்ல வெச்சாங்களா டீச்சர்? எவ்ளோ காட்டுச்சு?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம்தான் எனக்குப் பாடம் நடத்தினான். கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியையும் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்கிற பொடி, தங்கத்தைவிடக் குறைந்த சூட்டில் உருகினால்தான் கண்ணி உருகாமல் ஒட்டும். அதற்காகத் தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் கூடச் சேர்ப்பார்கள். அந்த இடத்தில் டச்சு குறையும். குறையாமல் இருக்க முடியாது. பின்னாளில் காட்மியம் வந்தது. கேடிஎம் நகை என்று விளம்பரம் செய்தார்களே, அதுதான். சூட்டில் காட்மியம் ஆவியாகிப் போய்விடும், டச்சு குறையாது. ஆனால் அந்தப் புகை ஊதுகிறவன் நெஞ்சுக்குள் போகும். இப்போது ஹால்மார்க் நகையில் அதற்கு இடமில்லை. "எங்க நைனா கடைசி வரைக்கும் பழைய பொடிதான் டீச்சர். அந்தப் புகை ஆகாதுன்னுடுவார்."

"இன்னொண்ணு, உங்க ஆயா வளையல் எந்த வருஷத்து வளையல்?" என்றான். சித்தி கல்யாணத்தின்போது செய்தது, 1964 இருக்கும் என்றேன். தலையை ஆட்டினான். 1963-ல் தங்கக் கட்டுப்பாடு வந்தது. மொரார்ஜி தேசாய் நிதியமைச்சர். பதினான்கு காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று விதி போட்டார்கள். நாடெங்கும் பத்தர்கள் பட்டறையை மூடினார்கள். உயிரை விட்டவர்களும் உண்டு. 1968-ல் அது சட்டமாகவே வந்து, 1990-ல்தான் எடுத்தார்கள். அந்தக் காலத்தில் அவன் அப்பா ஊதுகுழலை வைத்துவிட்டு ஏற்றம் இறைக்கக் கூலிக்குப் போனாராம். ஆயா வளையல் அந்த நேரத்துச் சரக்கு என்றால், அதை உருக்கிச் சேர்க்கும்போதே கொஞ்சம் இறங்கியிருக்கும். சுத்தத் தங்கம் சேர்த்து ஏற்றியிருந்தாலும் பின்னம் நிற்கும்.

எனக்குத் திருப்தியாகிவிட்டது. எழுந்தேன். அவன் விடவில்லை. "இல்ல டீச்சர். டெஸ்ட் பண்ணிடலாம். எனக்கும் தெரியணும்."

பொதுமக்களே ஹால்மார்க் மையத்துக்குப் போய் நகையைச் சோதித்துக்கொள்ளலாம், நான்கு நகை வரை 200 ரூபாய்தான் என்பது அவன் சொல்லித்தான் தெரியும். அடுத்த வாரம் அவனுக்கு நைட் ஷிப்ட். காலையில் தூங்காமல் வந்தான். சவுகார்பேட்டையில் ஒரு மையம். இடுக்குப் படி, ஏசி கிடையாது, ரோஸ் மில்க் கிடையாது. அவன் சங்கிலியைச் சுருட்டவில்லை. ஒவ்வொரு இடமாகக் காட்டி, இங்கே வையுங்கள் என்று சொன்னான். பற்று இல்லாத கம்பிப் பக்கம் இரண்டு இடம்: 90.3, 90.6. பற்றுவைத்த இடம்: 78.9.

காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். "நைனா எடுக்கல டீச்சர்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. 91.6-க்கு இன்னும் ஒன்று குறைகிறது என்று கணக்கு டீச்சருக்குத் தெரியாதா? அந்த ஒன்று ஆயாவின் வளையலோடு போகட்டும். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். முப்பது வருடத்துக்கு முன்னால் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்ததற்கு அவனை வெளியே நிறுத்தியவள் நான். இரவெல்லாம் அப்பாவுக்குத் துருத்தி ஊதினேன் என்று அன்றைக்கு அவன் சொன்னதை நான் நம்பவில்லை. அதையும் அந்த டீக்கடையில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அது ஞாபகமே இல்லையாம்.

இனி நெக்லஸ் கதை. சங்கிலியை மாற்றுவதில்லை என்று முடிவாகிவிட்டது. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் போட்டுவைத்த டெபாசிட் ஒன்றை உடைத்தேன். அதே கம்பெனியின் இணையதளத்தில்தான் வாங்கினோம். அவ்வளவு கோபித்துக்கொண்டு வந்துவிட்டு அங்கேயே வாங்கினாயா என்று என் தங்கை கேட்டாள். மருமகள் ஆசைப்பட்டது அந்த நெக்லஸ். என் கோபத்துக்கு அவள் ஏன் வேறொன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும்?

ஆனால் இங்கே ஒரு அதிசயம். வாங்குவதற்கு முன் வீடியோ காலில் காட்டுவோம் என்றிருந்தார்கள். சரி என்று அழுத்தினோம். ஒரு பெண் வந்தாள். தமிழ்ப் பெண். நெக்லஸைத் தன் கழுத்திலேயே போட்டுக் காட்டினாள். திருப்பிக் காட்டினாள், கொக்கியைக் காட்டினாள், பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து அளவு காட்டினாள். "அம்மா, தினமும் போடறதுன்னா சொல்றேன், இந்த டிசைன்ல நூல் சிக்கும். பக்கத்துல இருக்கிறது நாலாயிரம் கம்மி, சிக்காது" என்றாள். விலை குறைந்ததைக் காட்டுகிற விற்பனைக்காரியை அன்றுதான் பார்த்தேன். நாற்பது நிமிடம் பேசினாள். என் புடவை அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ, என் கேள்வி தெரிந்தது. அதே கம்பெனி. அந்தத் தம்பி சொன்ன "வேற டீம்" இதுதான் போலிருக்கிறது.

பில்லும் எனக்குப் பிடித்தது. தங்கம் எத்தனை கிராம், கல் எத்தனை, செய்கூலி எவ்வளவு, 3 சதவீதம் ஜிஎஸ்டி எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துப் போட்டிருந்தது. கடைகளில் செய்கூலி சேதாரம் என்று வாயால் சொல்லிக்கொண்டே கால்குலேட்டரைத் தட்டுவார்களே, அந்த வித்தை இதில் இல்லை. பிரித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. 1,24,000 ரூபாய் நெக்லஸில் தங்கம் 6 கிராம். பதினெட்டு காரட் கணக்கில் அன்றைய விலைக்குச் சுமார் 44,000. மீதி 80,000 கல்லும் கூலியும் வரியும். நாளைக்கு ஒரு அவசரம் என்று வட்டிக் கடைக்குப் போனால் அந்த 44-க்குத்தான் பேசுவான். அம்மாவின் சங்கிலி ஐந்து தடவை எங்களைக் காப்பாற்றியது. இது ஒரு தடவையாவது காப்பாற்றுமா தெரியாது. மருமகளிடம் சொன்னேன். "அடகு வைக்கிற நிலைமை வராம பாத்துக்கறேன் அத்தை" என்றாள். வேலைக்குப் போகிற பெண். சொல்லலாம்.

அப்புறம் பார்சல். வாடிக்கையாளர் சேவையிலிருந்து போன்: "மேடம், ஆரணி, திருவண்ணாமலை மாவட்டம்தானே?" இல்லையம்மா, திருவள்ளூர் மாவட்டம். "உங்கள் அருகிலுள்ள எங்கள் கடை வேலூரில் இருக்கிறது மேடம், அங்கே பெற்றுக்கொள்கிறீர்களா?" மூன்று பேரிடம் மூன்று தடவை பெரியபாளையத்தம்மன் கோயிலை அடையாளம் சொன்னேன். கடைசியில் வந்து சேர்ந்தது. கொண்டுவந்த பையனுக்கு என் வீட்டைத் தெரியும். அவன் அக்கா என்னிடம் படித்தவள். ஓடிபி கேட்டுவிட்டு, "டீச்சர், உள்ள என்னா இவ்ளோ சின்னதா?" என்றான்.

பூதக்கண்ணாடியை வைத்துக் கொக்கிப் பக்கம் தேடினேன். 18கே750 என்ற முத்திரை, பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கம். 2023 ஏப்ரல் 1-லிருந்து இந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக்கூடாது. போனில் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த மையத்தில் சோதித்தது, என்ன நகை, எத்தனை சுத்தம் என்று வந்துவிடுகிறது. வீட்டில் இருக்கிற புது நகைகளை எடுத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். அம்மாவின் சங்கிலியில் எந்த எண்ணும் கிடையாது. இந்தப் பதிவுதான் அதற்கு எண்.

முகூர்த்தத்தன்று மருமகள் நெக்லஸையும் போட்டாள், கேட்டு வாங்கிச் சங்கிலியையும் போட்டாள். மேடையில் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், இரண்டும் சேரவே இல்லை. போட்டோக்காரர் ஒன்றைக் கழற்றச் சொன்னார். அவள் கழற்றவில்லை. பத்தர் மகன் குடும்பத்தோடு வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

தி.நகர் கடையிலிருந்து இன்னும் குறுஞ்செய்தி வருகிறது. அட்சய திருதியை, ஆடித் தள்ளுபடி, என் பிறந்தநாள். நடுவில் ஒன்று: எங்கள் கடையில் உங்கள் அனுபவத்துக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் தரவும். வாழ்நாளெல்லாம் மார்க் போட்டவளிடமே கேட்கிறார்கள். திறந்து பார்த்தேன். உங்களைச் சிறப்பாகக் கவனித்த ஊழியரின் பெயரை எழுதவும் என்று ஒரு கட்டம். அவள் பெயரை எழுதினால், எதற்கு, என்ன சொன்னாள் என்று விசாரிப்பார்கள். கட்டத்தை அப்படியே விட்டு மூடிவிட்டேன். கண்ணே, உனக்குப் பத்துக்குப் பத்து. லீவு கிடைக்கும்போது வீட்டுக்கு வா. என் வீட்டில் நாற்காலி இருக்கிறது.

சங்கிலியின் கொக்கி மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனிடம் கொடுக்க வேண்டும். டே ஷிப்ட் என்றான்.